அந்தச் சின்னக் கம்பி: ஸ்பிரிங் உதவி மடக்குக் கத்தியைப் பிரித்து மாட்டிய அனுபவம்

என்னிடம் உள்ள மடக்குக் கத்திகளில் ஸ்பிரிங் உதவியோடு திறப்பது ஒன்றுதான்: கெர்ஷா நிறுவனத்தின் லீக் என்ற மாடல். கத்தி வடிவமைப்பாளர் கென் ஆனியன் வடிவமைத்தது. 3 அங்குல பிளேடு, 14சி28என் என்ற வகை ஸ்டீல், ஃபிரேம் லாக் (திறந்த பிளேடு மடங்காமல் கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியே முட்டுக்கொடுக்கும் பூட்டு). திறக்க உதவும் உள் அமைப்புக்கு 'ஸ்பீட்சேஃப்' என்று பெயர். இதுவரை கூர் மழுங்கினால் தீட்டுவேன், அவ்வளவுதான். இந்த முறை முழுசாகப் பிரித்துத் துடைத்து மாட்டினேன். கூடவே சட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்யக் காரணம் உண்டு. இந்த வகைக் கத்தியில் பராமரிப்பும் சட்டமும் ஒரே கம்பியில் வந்து நிற்கின்றன.

கைப்பிடித் தகட்டின் உள்பக்கத்தில் அந்தக் கம்பி இருக்கிறது. முறுக்கு விசையில் வேலை செய்யும் மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு முனை தகட்டின் துளைக்குள் நிற்கிறது. மறுமுனை பிளேடின் அடிப்பகுதியில் உள்ள வளைந்த பள்ளத்தில் ஓடுகிறது. கத்தி மடங்கியிருக்கும்போது இந்தக் கம்பி பிளேடை உள்ளேதான் அழுத்திப் பிடிக்கிறது. விரலால் தள்ளினால் கொஞ்ச தூரம் எதிர்க்கும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் கட்சி மாறி, பிளேடை வெளியே தள்ளிவிடும். 'டக்'கென்று திறக்கும் அந்த இரண்டாம் பாதிதான் எல்லாருக்கும் பிடித்தது. அமெரிக்கச் சட்டம் கவனிப்பதோ முதல் பாதியை.

அங்கே 1958-ல் வந்த மத்தியச் சட்டம், பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்தது. 2009-ல் சுங்கத்துறை ஸ்பிரிங் உதவிக் கத்திகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: பிளேடை மூடிய பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ வேறு அமைப்போ இருந்து, அதை மீறக் கையால் பிளேடுக்கு விசை கொடுத்தாக வேண்டும் என்றால், அந்தக் கத்திக்கு விலக்கு. மாநிலச் சட்டங்கள் தனிக்கதை.

பிரிட்டன் நேர் எதிர்த்திசையில் போனது. 2019-ல் நிறைவேறிய ஆயுதச் சட்டம், பாதி திறந்த நிலையிலிருந்து ஸ்பிரிங்கால் முழுசாகத் திறக்கும் கத்தியையும் தடைக்குள் கொண்டுவந்தது. 2021 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். ஆக, ஒரே கத்தி ஓர் ஊரில் சாதாரணக் கருவி, இன்னோர் ஊரில் வழக்கு. இந்தியாவில் ஆயுத விதிகள் பார்ப்பது அளவையும் பயன்பாட்டையும்: 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகள், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்பட்டவை நீங்கலாக, ஆயுதக் கணக்கில் வரும். அதற்கு மேல் அந்தந்த இடத்து அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும். 'ஆன்லைனில் விற்கிறார்களே' என்பது எந்த ஊரிலும் பதில் ஆகாது.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் (ஆறுமுனை நட்சத்திர வடிவ முனை உள்ளது) தரமானதாக இருக்க வேண்டும். இந்த ஸ்க்ரூக்களின் தலை சின்னது. மட்டமான பிட் ஒரே திருகில் அதை மொட்டையாக்கிவிடும். ஸ்க்ரூ அசையாவிட்டால் முரட்டுத்தனமாகத் திருகாமல், சூடான சால்டரிங் அயர்னைத் தலைமேல் கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே உள்ள லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இளகும். பிளேடைத் திறந்த நிலையில் வைத்துத்தான் தகட்டைக் கழற்றினேன். அப்போது கம்பியின் முறுக்கம் குறைவு. அப்படியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. தெறித்துக் கட்டிலுக்கடியில் போனால் தேடிக் கண்டுபிடிக்கிற அளவில் இல்லை அது.

உள்ளே எதிர்பார்த்த அழுக்குதான்: பாக்கெட்டின் துணிப்பிசிறும் பழைய எண்ணெயும் சேர்ந்து கறுப்புப் பசையாகக் கம்பி ஓடும் பள்ளத்தில் அப்பியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். பிளேடின் இருபுறமும் உள்ள வாஷர்களுக்கு (மெல்லிய வளையங்கள்) ஆளுக்கொரு துளி எண்ணெய் போதும். அதிகமானால் மறுபடி தூசியைத்தான் சேர்க்கும். டபிள்யூடி-40 துடைக்க உதவும், நிரந்தர எண்ணெய்க்கு அது மாற்று இல்லை.

மாட்டும்போது பிவட் ஸ்க்ரூவில்தான், அதாவது பிளேடு சுழலும் அச்சின் ஸ்க்ரூவில்தான், நேரம் போனது. கொஞ்சம் இறுக்கினால் பிளேடு கடைசி வரை போகாமல் லாக் விழுவதற்கு முன்பே சோர்ந்து நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் பக்கவாட்டில் ஆட்டம். அரைக்கால் திருகுக்கும் குறைவாகத் திருகி, திறந்து, பிளேடைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, மறுபடி திருகி, ஆட்டம் நின்று லாக்கும் முழுசாக விழும் இடத்தைப் பிடித்தேன். அப்புறம்தான் கழற்றி, குறைந்த பிடி உள்ள லாக்டைட்டை மரையில் மட்டும் ஒரு பொட்டு வைத்து, அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். வாஷருக்கு அது வழிந்தால் பிளேடே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது செய்யும் சோதனை இது. மடக்கிய கத்தியை பிளேடு கீழே விழும் வாக்கில் தலைகீழாகப் பிடிப்பேன். பிளேடு அசையக் கூடாது. அடுத்து, ஆள் இல்லாத பக்கமாக, பிளேடைத் தொடாமல் மணிக்கட்டை மட்டும் உதறுவேன். அப்போதும் வெளியே வரக் கூடாது. வந்தால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட்டுக்குள் தானே திறக்கும் ஆபத்து ஒரு பக்கம். உதறலில் திறக்கும் கத்தியைப் பல இடங்களில் சட்டம் வேறு வகையில் சேர்க்கும் என்பது இன்னொரு பக்கம். என் கத்தி இரண்டிலும் அசையவில்லை. கம்பியையே எடுத்துவிட்டு சாதாரண மடக்குக் கத்தியாக்கலாமே என்பவர்கள் உண்டு. இந்த அமைப்பில் பிளேடை மூடி வைப்பதில் பெரும்பங்கு கம்பிக்குத்தான். அதை எடுத்தால் பிளேடு தொளதொளவென்று ஆடும். மிஞ்சுவது, மடங்கிய பிளேடின் முனை வெளியே வராமல் தடுக்கக் கைப்பிடியில் இருக்கும் சின்னத் தடுப்புப் பூட்டு மட்டும். எனக்கு அது போதாது.

தீட்டியதில் புதிதாக ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு 20 பாகை வாக்கில், கூர்ச் சரிவில் மார்க்கர் மை பூசிவிட்டு ஒரு இழுப்பு. மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மை ஒரே சீராக அழிந்த பிறகு, கூரில் மெல்லிய உலோகப் பிசிறு எழும்வரை தீட்டி, அதைத் தோல்பட்டையில் தேய்த்து எடுத்தாயிற்று. லீக்கின் முனை மெல்லிசு. அங்கே கை தானாக அழுத்தப் பார்க்கும், அழுத்த விடக் கூடாது.

நீளத்தையும் அளந்து வைத்தேன். பிளேடின் முனையிலிருந்து கைப்பிடி தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, கூர் உள்ள பகுதி மட்டும் இன்னொரு அளவு. பிரிட்டனின் 3 அங்குல விலக்கு கூர்ப்பகுதியைத்தான் அளக்கிறது, அதுவும் லாக் இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும். எங்கே எது கேட்கப்படும் என்று தெரியாததால் இரண்டு எண்ணும் பெட்டிக்குள் சீட்டில் இருக்கின்றன. விமானப் பயணம் என்றால் கைப்பையில் கிடையாது. சேரும் ஊரில் அனுமதி உண்டு என்று உறுதியானால் மட்டும் செக்-இன் பெட்டியில், உறையில் போட்டு.

அடுத்த வேலை அந்த முனைப் பூட்டு. அதன் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருக்கிறது. அதற்கு இருப்பதிலேயே சின்ன பிட் வேண்டும், வாங்கிய பிறகு தொடுவேன்.