சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: பிரேக் பேடும் டிஸ்க்கும் தேர்ந்தெடுப்பது எப்படி?

அலுவலகத்துக்கு ஓட்டுகிற அதே காரைச் சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்கும் கொண்டுபோகும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ‘எந்த பேட் நன்றாகப் பிடிக்கும்?’ என்பதுதான். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க்; பிரேக்கை மிதிக்கும்போது அதை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட். நல்ல நிலையில் இருக்கும் எந்தச் சாதாரண பேடும், சாலையில் ஒருமுறை முழுபலத்தோடு மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குச் சக்கரங்களைப் பிடித்துவிடும். அதற்கு மேல் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயர். அப்படியானால் விலை உயர்ந்த பேட் எதற்கு என்றால், பத்தாவது முறையும் இருபதாவது முறையும் மிதிக்கும்போது முதல் முறை கிடைத்த அதே பிடிப்பு கிடைப்பதற்காக. ஆகவே பேடையும் டிஸ்க்கையும் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்க வெப்பத்தைப் பற்றிய கணக்கு.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 167 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. முன்சக்கரங்கள் அதில் 70 சதவீதத்தை ஏற்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் சுமார் 25 டிகிரி சூடேறும். அடுத்த சிக்னல் வருவதற்குள் அது பெரும்பாலும் ஆறிவிடும். இதே கார் டிராக்கின் நேர்கோட்டு முடிவில் 160-லிருந்து 60-க்கு இறங்கும்போது ஆயிரம் கிலோஜூலுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே மிதிப்பில் ஏறத்தாழ 150 டிகிரி ஏறுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 3.7 கி.மீ. நீளமுள்ள டிராக்கில் ஒரு சுற்றுக்குள் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. சில சுற்றுகளில் டிஸ்க் 500 டிகிரியைத் தொடுவதில் வியப்பே இல்லை.

மலைப்பாதையில் இறங்குவதும் இதைப் போன்றதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் மேலே சொன்ன டிராக் மிதிப்பைப்போல இருபது மடங்குக்கு மேல் வரும். ஆனால் அது நீண்ட நேரத்துக்குப் பரவியிருக்கிறது என்பதோடு, இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜினே ஏற்றுக்கொள்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்காக யாரும் டிராக் பேட் வாங்கவேண்டியதில்லை. சரியான கியரும், பிரேக்கை மேலோட்டமாக மிதித்துக்கொண்டே இறங்காமல் அழுத்தி மிதித்து விட்டுவிடும் பழக்கமும் அங்கே போதும்.

பேடின் உராய்வுப் பொருள் என்பது இழைகள், உலோகத் துகள்கள், கிராபைட் ஆகியவற்றையும் இன்னும் பல பொருள்களையும் பீனாலிக் பிசினில் சேர்த்து அழுத்திச் சுட்ட கலவை. சாலைக்கான பேடில் இந்தப் பிசின் 350, 400 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து வாயுவை வெளிவிடத் தொடங்குகிறது. உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, சட்டென்று சரிகிறது. டிராக்குக்கான பேடில் உலோகப் பங்கு அதிகம். 600 டிகிரியிலும் அதன் பிடிப்பு குலையாமல் நிற்கும். ஆனால் அந்த பேடைக் குளிர்ந்த நிலையில் காலையில் வீட்டுத் தெருவில் மிதித்தால் முதல் ஒன்றிரண்டு முறை தேவையான பிடிப்பு கிடைக்காது. பள்ளிக் குழந்தைகள் கடக்கும் சாலையில் இது ஏற்கத்தக்க குறை அல்ல. அதோடு அது கிரீச்சிடும், ரிம்மில் கரிய தூளை அப்பும், குளிர்ந்த நிலையில் டிஸ்க்கை அரமாக அராவித் தேய்த்துவிடும். இதனால்தான் ‘ரேஸ் பேட் போட்டால் சாலையிலும் பாதுகாப்பு’ என்ற எண்ணத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள பேட்கள் உண்டு. ஃபெரோடோவின் டிஎஸ் 2500 இந்த வகையில் பலரும் அறிந்த ஒன்று. குளிர்ந்த நிலையிலிருந்து 500 டிகிரி வரை ஓரளவு சீரான பிடிப்பைத் தரும் வகையில் செய்யப்பட்டது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் டிராக்குக்குப் போகிறவர், எடை குறைந்த காரில், ஐந்தாறு சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆறவிடுகிறவர் என்றால் இப்படிப்பட்ட ஒரே பேடோடு காலம் தள்ளலாம். அதற்கு மேல் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு, கார் கம்பெனியே பொருத்தித் தரும் தரத்திலுள்ள பேட் போதும். நம் நாட்டின் பிரேக் தொழிலில் பெரும்பங்கு பாடியிலும் அம்பத்தூரிலும் வளர்ந்தது; பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே போன்றவை இங்கே வேரூன்றியவை. அந்தத் தரத்தைச் சாலைக்குப் போதாது என்று ஒதுக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ சில சமயம் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து இயல்பான வெப்பநிலையிலும் இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கிறது. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்எஃப்’ என்று இருந்தால் சூட்டில் பிடிப்பு குறையவில்லை என்று மகிழலாம். ஆனால் அந்தச் சோதனையின் சூடு டிராக்கின் சூட்டை எட்டுவதில்லை என்பதால், இந்த எழுத்துகளை மட்டும் வைத்து டிராக் பேடை முடிவு செய்யக்கூடாது. உற்பத்தியாளர் வெளியிடும் வெப்பநிலை–உராய்வு வரைகோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் கோட்டின் உச்சம் எங்கே இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு தட்டையாகப் போகிறது என்பதே முக்கியம். சீராகப் பிடிக்கும் பேடை நம் கால் எளிதில் பழகிக்கொள்ளும்.

முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள நம் ஊர்ச் சிறிய கார்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முன் பேடை மட்டும் மிகக் கடுமையானதாக மாற்றினால் பிரேக் சமநிலை மேலும் முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்கள் தம் எல்லையை எட்டி ஏபிஎஸ் குறுக்கிடும்போது பின்சக்கரங்கள் தம்மால் முடிந்த அளவுக்குக்கூட உழைத்திருக்காது. ஆகையால் உராய்வுக் குணகம் மிக உயர்ந்த பேடைத் தேடாமல், மிதமான குணகமும் உயர்ந்த வெப்பத் தாங்குதிறனும் உள்ளதைத் தேர்வது நல்லது.

டிஸ்க்குக்கு வருவோம். வார்ப்பிரும்பால் ஆன டிஸ்க்கின் முதல் வேலை வெப்பத்தை வாங்கித் தேக்கிவைப்பது. இரண்டாவது வேலை அதைக் காற்றில் விடுவது. தேக்கிவைப்பதற்கு எடை வேண்டும். துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகாக இருப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு துளையும் தேவையான இரும்பைக் குறைக்கிறது, சூடேறி ஆறி மீண்டும் சூடேறும் டிராக் ஓட்டத்தில் துளையின் விளிம்பிலிருந்தே விரிசல் தொடங்குகிறது. பழைய காலப் பேட்கள் ஏராளமாக வாயு வெளிவிட்டபோது அந்தத் துளைகளுக்கு வேலை இருந்தது. இன்றைய பேட்களுக்கு அந்தத் தேவை பெரிதாக இல்லை. வெட்டுக்கோடு போட்ட டிஸ்க் தூளையும் வாயுவையும் வழித்துப் பேடின் முகத்தைப் புதிதாக வைத்திருக்கும். பதிலுக்குப் பேட் சற்று வேகமாகத் தேயும், சத்தமும் கொஞ்சம் கூடும். என் தேர்வு நல்ல நிறுவனத்தின் சாதாரண வென்டிலேட்டட் டிஸ்க், அதாவது இரண்டு முகங்களுக்கும் நடுவே காற்று போக இடைவெளியுள்ளது. மலிவாகக் கிடைப்பதால் தயங்காமல் மாற்ற முடிகிறது என்பதும் அதன் ஒரு பெருமை.

தடிமனைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. 22 மி.மீ. டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே காற்றுக்கான இடைவெளி 8 மி.மீ. என்றால், இரண்டு முகங்களிலும் சேர்த்து உள்ள இரும்பு 14 மி.மீ. மட்டுமே. டிஸ்க் 19 மி.மீ.க்குத் தேய்ந்தால் வெளிப்பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர்தான் போயிருக்கிறது. உண்மையில் உராயும் முகங்களின் இரும்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே மிதிப்புக்கு அந்த டிஸ்க் அந்த அளவுக்கு அதிகமாகச் சூடேறும். டிஸ்க்கின் மீது பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் சாலைக்கானது. டிராக்குக்குப் போகிறவர் அந்த எண்ணை எட்டும்வரை காத்திருக்கவேண்டாம். லேத்தில் கடைசல் பிடித்து மேலும் மெலியவைப்பதையும் இதே காரணத்துக்காக நான் பரிந்துரைப்பதில்லை.

‘டிஸ்க் வளைந்துவிட்டது, ஸ்டியரிங் ஆடுகிறது’ என்று வருகிற கார்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் வளைந்திருப்பதே இல்லை. சூடான டிஸ்க்கின் மீது பேடை அழுத்தி நிறுத்தி வைத்ததால் பேடின் பொருள் ஓரிடத்தில் திட்டாக ஒட்டியிருக்கும், அல்லது டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு இருக்கும்போதே டிஸ்க்கைப் பொருத்தியிருப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பைக் கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்ப்பது ஐந்து நிமிட வேலை. கடற்கரையை ஒட்டிய சென்னையின் ஈரக்காற்றில் அந்தத் துரு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

புதிய பேடும் டிஸ்க்கும் பொருத்திய பிறகு அவற்றைப் பழக்கவேண்டும். பேடின் பொருள் மெல்லிய, சீரான படலமாக டிஸ்க்கின் மீது படிந்தால்தான் பிடிப்பு முழுமையாகக் கிடைக்கும். 100-லிருந்து 20 வரை, முழுவதும் நிற்காமல், வலுவாக எட்டுப் பத்து முறை வேகம் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில நிமிடங்கள் ஓட்டி ஆறவிடுவது பொதுவான முறை. நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது செய்யக்கூடிய வேலை அல்ல இது. டிராக்கின் முதல் அமர்வை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரு பேட் படியவைத்த படலத்தின் மீது முற்றிலும் வேறு கலவையுள்ள பேடைப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் அதிர்வு வரக்கூடும். அதனால் டிராக் பேடுக்கென்று தனி டிஸ்க் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றவேண்டியது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ‘டாட் 4’ தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் தரக் கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு இவை 260, 180. ஆயில் கொதித்து ஆவியானால் எவ்வளவு விலையுள்ள பேடும் உதவாது, ஏனென்றால் ஆவி அமுங்கும், அழுத்தம் பேடை எட்டாது. டிராக்கில் பிரேக் குறையும்போது காலுக்குக் கிடைக்கும் செய்தியைப் படிக்கத் தெரியவேண்டும்: பெடல் கல்லாக நின்றும் கார் நிற்க மறுத்தால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது, பெடல் மெத்தென்று தரையை நோக்கி இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவதற்கு வேறு பேட் வேண்டும், இரண்டாவதற்குப் புதிய ஆயில் வேண்டும். எதுவாக இருந்தாலும் அந்தக் கணமே வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவைத்து உள்ளே வந்துவிடுங்கள். டிராக்கை ஒட்டிக் கார்களை நிறுத்தும் பிட்டில் நிறுத்தியதும் கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

அமர்வுகளுக்கு இடையே சக்கரத்தின் கம்பிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். டிஸ்க்கின் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தால் சூடு அதிகம் என்று பொருள். மயிரிழை போன்ற மேலோட்டமான கீறல்களோடு ஓட்டலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான விரிசலோ, விளிம்பை எட்டிய விரிசலோ இருந்தால் அந்த டிஸ்க் அங்கேயே ஓய்வு பெறவேண்டும். பேடின் ஓரம் வெளுத்துப் பொடிந்தால் கலவை தாங்கவில்லை. பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை வறண்டு வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிய பேடில் பத்து மில்லிமீட்டரை ஒட்டி உராய்வுப் பொருள் இருக்கும். அதில் பாதிக்கும் கீழே போன பேடை நான் டிராக்குக்கு எடுத்துச் செல்வதில்லை. சாலைக்கு அது இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும்தான், ஆனால் மெலிந்த பேட் டிஸ்க்கின் சூட்டை நேராகப் பிஸ்டனுக்கும் அதன் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.