கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?

எங்கள் பறவைக் கணக்கெடுப்பு பற்றி வேலூரில் நடந்த கூட்டத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். “பறவை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” நான் “கூடியிருக்கு சார்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

சொன்னது பொய்யில்லை. அமிர்தி பக்கம் விறகு வெட்டி, மாடு மேய்ந்து, கோடைத்தீ ஏறி வெளுத்துப்போன காட்டில், உள்ளே இருக்கும் ஓடைக்காட்டைவிட நாலைந்து இனம் அதிகமாகத்தான் வந்தது. வராமல் எப்படி? காடு கொஞ்சம் திறந்தால் மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி என்று ஊரோரத்தில் இருப்பதெல்லாம் உள்ளே நுழையும், பழைய குடிகளில் சிலது இன்னும் கிளம்பாமல் இருக்கும், இரண்டையும் கூட்டினால் தொகை ஏறத்தான் செய்யும். அதுவும் போக, திறந்த இடத்தில் பறவை கண்ணில் படுகிறது. அடர்ந்த காட்டில் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்றாலும் பாதிக்கு மேல் காதால்தான் எண்ண வேண்டும், கத்தாமல் உட்கார்ந்திருப்பது கணக்கில் சேராது.

போவது எது என்று யாராவது கேட்டால்தான் கதை மாறும். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் புள்ளிச் சிலம்பன், நிழலை விட்டு வராத சோலைபாடி. பிரேசிலில், அமேசான் காட்டில் மனௌஸ் நகருக்கு அருகே, காடு துண்டு துண்டானால் என்ன ஆகும் என்று பார்க்க 1979இல் தொடங்கிய ஆய்விலும் இதே கதைதான்: எறும்புப் படைக்குப் பின்னால் போய்ப் பூச்சி பிடிக்கும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து சீக்கிரமே மறைந்துவிட்டன.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாமோ? அறிக்கையில் எல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தேன். “ஆனா சார்” என்று இழுத்திருந்தால் “அப்போ குறைஞ்சிருக்கா?” என்பார், அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் மலையில் எங்களுக்கு வழிகாட்ட வரும் அண்ணன் ஒருநாள் கேட்டார். “கூடிச்சுன்னு சொல்லிட்டீங்களாமே சார்? அப்ப இனிமே எங்க மாட்டு மேல பழி போட மாட்டாங்க இல்ல?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. நான் விளக்கமாகப் பேசியிருந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அவர் ஊர்தான், பக்கத்தில் கல் உடைக்கிறவர்கள் இல்லை.

இன்னொன்றும் குடைகிறது. அழியும் ஆபத்தில் உள்ள மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது, அதற்கு வேண்டியது பாறையும் புதரும் கலந்த சரிவு. ‘கெட்டுப்போன காடு’ என்று நாங்கள் குறித்துக்கொண்டு கடந்துபோகிற மாதிரி இடம். அப்படியானால் அடர்ந்த காடுதான் நல்ல காடு என்று நான் அடித்துச் சொல்லவும் முடியாது. உடனே, இதை எனக்கு வசதியாகச் சொல்லிக்கொள்கிறேனோ என்றும் தோன்றும்.

அடுத்த அறிக்கையில் எந்த இனம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை முதல் பக்கத்தில் வைத்தேன், கூட்டுத்தொகையைப் போடவில்லை. இரண்டே நாளில் போன் வந்தது. “சார், மொத்தம் எத்தனைன்னு காணோமே?”

அனுப்பிவிட்டேன்.