பேயும் புத்தகப்பையும்

ஜூன் 14
எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தில் புத்தகப்பை தொங்குகிறது. நெதர்லாந்தில் பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை பாஸ் என்றால் இப்படித்தான் தொங்கவிடுவார்கள். பெடியன் வேவேஓ என்ற பள்ளிப் பிரிவில் பாஸ். போன வருஷம் எங்கட கம்பத்திலும் தொங்கினதுதான். ஆனால் அது மகளின்ர பை, வேவேஓவுக்கு ஒரு படி கீழான ஹாவோப் பை.

ஜூன் 15
யாழ்ப்பாணத்தில இருந்து மச்சாள். "பிள்ளை கம்பஸ்தானே?" "ஓம் மச்சாள்." முழுப்பொய் இல்லை. அவள் போகிறது ஹோகஸ்கூல், தொழில்சார்ந்த உயர்படிப்புக்கான இடம். இங்கத்தைய ஹோகஸ்கூல்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது தங்களை யூனிவர்சிட்டி என்றுதான் போடுகின்றன. டச்சில் ஹோகஸ்கூல், ஹோகஸ்கூல்தான்.

ஜூன் 19
அவளுக்கு ஒப்பந்தச் சட்டச் சோதினையில் 10க்கு 5.4. பாஸுக்கு 5.5.

ஜூன் 20
நித்திரை இல்லை. முதல் வருஷத்துக்குரிய 60 படிப்புப் புள்ளியில் 55 அவளின்ர கையில் இருக்கு. அவளுடைய படிப்பில் அடுத்த வருஷம் தொடர 50 காணும், அதனால் அனுப்பிப்போடுவார்கள் என்ற பயமில்லை. ஆனால் 60உம் முழுசாக வந்தால்தான் "பே", முதல் வருஷம் முடித்ததற்கான பத்திரம். ஹாவோப் பிள்ளை ஒரு வருஷத்திலேயே யூனிவர்சிட்டிக்கு மாறுவதென்றால் அந்தப் பத்திரம் வேணும். மே 1க்கு முதலே அங்கே பதிந்தும் வைத்திருக்கிறாள். 55ஓடு இருக்கலாம், வெளிக்கிட ஏலாது. இவருக்கு ஒவ்வொரு தரமும் "பேய்" என்றே கேட்கிறது. சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஜூன் 24
12 வயது அப்போது அவளுக்கு. டீச்சர் என்னையும் இவரையும் சின்னக் கதிரைகளில் இருத்தி, "ஹாவோ அவளுக்கு நல்லாப் பொருந்தும்" என்றா. நான் தலையாட்டினேன். நன்றியும் சொன்னேன். ஹாவோ 5 வருஷம், வேவேஓ 6. ஒரு வருஷம் மிச்சம் என்றுதான் விளங்கினது. வேவேஓதான் நேரே யூனிவர்சிட்டிக்குப் போகிற பாதை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த டச்சுத் தாய் கேட்டவ. ஒரு மணித்தியாலம் கதைத்தவ.

ஜூலை 3
மறுசோதினை. புட்டு அவித்தேன். சாப்பிடாமல் சைக்கிளில் போய்விட்டாள்.

ஜூலை 5
ஒரு புள்ளிக்கு 28 மணித்தியாலப் படிப்பாம். 5 புள்ளிக்கு 140. அவளுடைய அறையில் எரிந்த லைட்டைக் கணக்குப் பார்த்தால் அதைவிடக் கூட.

ஜூலை 9
இல்லை.

ஜூலை 11
ரிசல்ட் இன்னும் இல்லை. "10 கடவுளுக்கு, 9 வாத்தியாருக்கு" என்று இங்கே ஒரு சொல் இருக்கு. எனக்கு 10 வேண்டாம். 5.4க்குப் பக்கத்தில இன்னுமொரு 0.1.

ஜூலை 12
எதிர்வீட்டுப் பையைக் கழற்றிவிட்டார்கள். மச்சாள் இரண்டு தரம் எடுத்தவ. நான் எடுக்கவில்லை.

ஜூலை 14
மேலே இருந்து கேட்கிறாள், போன வருஷத்துப் பை எங்கே என்று. பரணில் என்றேன். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. ஏணி இழுபடுகிற சத்தம்