தாய் வாசம் ஒட்டின துணி

எங்க வீட்டு ராஜபாளையம் நாய்க்குட்டி ஒண்ணு இன்னைக்கு மதுரைக்குப் போகுது. பிறந்து 8 வாரம் முடிஞ்சாச்சு. அதுக்கு முன்னாடி விற்கக் கூடாதுன்னு மத்திய அரசோட 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதியே இருக்கு. கூடவே தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், ஒரு வாரத்துக்கு இங்க தின்ன அதே தீனி. திடீர்னு தீனியை மாத்தினா வயித்தால போகும்.

எல்லாத்தையும் விட முக்கியம், தாய் படுத்திருந்த பழைய வேட்டித் துண்டு. முதல் ராத்திரி குட்டி அழுறது பெரும்பாலும் பசியால இல்ல, அந்த வாசத்தைத் தேடித்தான். பக்கத்துல விரிச்சுப் போடுங்க.

இந்த வெள்ளை இனத்துல சில குட்டிக்குக் காது கேக்காது. இவனுக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பார்த்தேன், சட்டுன்னு திரும்பினான்.

வாங்க வந்த அண்ணன்கிட்ட ரெண்டே விஷயம் கெஞ்சிக் கேட்டேன்: பார்வோங்கிற உயிர்க்கொல்லி நாய் நோய்க்கான ஊசியெல்லாம் போட்டு முடிக்கிற வரை தெருவுல இறக்காதீங்கண்ணே. வளர்க்க முடியலைன்னா எங்கயும் விட்டுடாதீங்க, எப்ப வேணும்னாலும் என்கிட்டயே கொண்டு வாங்க.