தராசில் தொடங்கும் ஒப்பீடு

இரண்டு வேகப் படகுகளை ஒப்பிடுவது என்றதும் முதல் கேள்வி "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதாகத்தான் இருக்கும். பட்டறையில் அதற்கு முன்பே இன்னொரு கேள்வி எழும்: எடை என்ன? விளம்பரத் தாளில் போட்டிருப்பது பெரும்பாலும் இன்ஜின், பேட்டரி, எரிபொருள் எதுவும் ஏற்றாத எடை. கிரேனில் தூக்கும்போது லோடு செல் என்ற எடைமானி காட்டுவதுதான் நம்பத்தக்கது. டேங்கில் பெட்ரோல் இருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.74 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எடை கையில் வந்தால், வேகத்தை மதிப்பிடக் கிரௌச் சூத்திரம் உதவும். ஆள், எரிபொருள் உட்பட மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதனால் 190ஐ வகுக்க வேண்டும். 3,000 பவுண்டு, 300 குதிரைத்திறன் என்றால் மணிக்கு 60 மைல் வரும். சாதாரண உல்லாசப் படகுக்கு 190க்குப் பதில் 150 போடுவது வழக்கம். கணக்கு சொன்னதைவிடப் படகு மெதுவாகப் போனால் குறை எங்கோ ஒளிந்திருக்கிறது.

ஆனால் இரண்டு படகுகள் ஒரே அளவு இலேசாக இருந்தாலும் காரணம் ஒன்றாக இருக்காது. படகைக் கட்டிய ஒருவர் வேக்யூம் இன்ஃப்யூஷன் முறையில், அதாவது காற்றை உறிஞ்சி இழைகளுக்குள் ரெசின் என்ற பிசினைப் பரவவிட்டு, தேவையற்ற ரெசினைக் குறைத்திருப்பார். அதில் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் கண்ணாடி இழையே இருக்கலாம். கையால் ரெசின் தடவிய வேலையில் அது 40ஐத் தொடுவதே பெரிது. இன்னொருவர் இழை அடுக்கையே குறைத்திருப்பார். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கச்சுவரை உள்ளங்கையால் அழுத்தினால் வித்தியாசம் தெரியும். பிறகு பிளாஸ்டிக் சுத்தியல். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் 'டிக்' என்று கூர்மையாகச் சொல்லும். பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகும். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு என்று முழு அடிப்பகுதியும் தட்டியாக வேண்டும். அவசரப்பட்டால் அந்த ஒரு இடம்தான் தப்பும்.

கடையாலில், அதாவது படகின் பின்முனையில், இன்ஜின் தொங்கும் ட்ரான்ஸம் பலகை தனிக் கவனம் கேட்பது. ஆழம் காட்டும் கருவியின் உணரியான டிரான்ஸ்டியூசரைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி ஒன்றைக் கழற்றினாலே போதும். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது என்று பொருள். சீலன்ட் இல்லாமல் போட்ட ஒரு துளை இவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணமாவது மனதை உறுத்தும்.

அடுத்தது அடிப்பகுதியின் நேர்மை. கடையாலிலிருந்து முன்னோக்கி ஒன்றரை மீட்டருக்கு நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒளி தெரிந்து கடைசி விளிம்பு கீழே வளைந்திருந்தால் அது ஹூக். அணியத்தை (முன்முனையை) தண்ணீருக்குள் அமுக்கி வேகத்தைத் தின்னும். நடு புடைத்திருந்தால் ராக்கர். படகு தவளை போலத் துள்ளும். வார்ப்பு அச்சிலிருந்து சீக்கிரம் எடுத்ததாலும், டிரெய்லர் தாங்கிகள் தவறான இடத்தில் அழுத்துவதாலும் இவை வருவதுண்டு. சில மில்லிமீட்டரே போதும், வேகமான படகில் அது நன்றாகவே தெரியும்.

அடிப்பகுதியின் 'வி' வடிவக் கோணத்தை வைத்து எது உயர்ந்தது என்று தீர்ப்பு சொல்லக் கூடாது. ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான 'வி' படகு 'மோப்பி' 1960இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் முரட்டுக் கடலில் வென்ற பிறகு, கடையாலில் 24 டிகிரி என்பது ஏறக்குறைய இலக்கணமாகிவிட்டது. அலையை அது அழகாக வெட்டும். பதிலுக்குத் தண்ணீர் மேல் எழக் கூடுதல் சக்தி கேட்கும். 18 டிகிரி சீக்கிரம் எழும், அலையில் இடிக்கும். குறுக்கே ஸ்டெப் (படி) வைத்த அடிப்பகுதி காற்றை உள்ளிழுத்து நனையும் பரப்பைக் குறைக்கும். ஆனால் அணியத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் பிடி விட்டுச் சுழலும் அபாயம் அதில் உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது அரை டேங்க் எரிபொருள், ஒரே எண்ணிக்கை ஆட்கள், எதிரெதிர்த் திசைகளில் ஜிபிஎஸ் வேகத்தின் சராசரி. பிறகு ஸ்லிப் கணக்கு, அதாவது புரொப்பல்லர் தண்ணீரில் எவ்வளவு நழுவுகிறது என்பது. நிமிடத்துக்கு 5,800 சுற்று, 1.75 கியர் விகிதம், 21 அங்குல பிட்ச் (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) என்றால் நழுவலே இல்லாதபோது சுமார் 57 நாட் வர வேண்டும். 50 வந்தால் ஸ்லிப் கிட்டத்தட்ட 13 சதவீதம், நல்ல எண்தான். 20ஐத் தாண்டினால் இன்ஜினைக் குறை சொல்லும் முன் புரொப்பல்லர் பிளேடின் விளிம்பையும் இன்ஜின் பொருத்திய உயரத்தையும் பார்க்க வேண்டும். உயர்த்தினால் வேகம் கூடும். குளிர்விக்கும் தண்ணீர் அழுத்தம் குறைகிறதா என்று கேஜில் கண் வைத்தே ஒவ்வொரு துளையாக ஏற்ற வேண்டும்.

ஓட்டம் முடிந்து கரையேற்றிய பிறகும் வேலை இருக்கிறது. உள்ளே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் என்ற தாங்குசட்டம் அடிப்பகுதியோடு சேரும் இடத்தில் புதிய வெள்ளைக் கோடு, போல்ட்டைச் சுற்றி நட்சத்திர விரிசல், டெக் விளிம்பில் பெயர்ந்த சீலன்ட் — அலையில் அடிபட்ட பிறகே இவை முகம் காட்டும். வடிகால் அடைப்பைத் திறந்து, வெளிப்புறத்தைத் துடைத்து, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் அடிப்பகுதியின் ஏதாவது ஒரு கீறலில் இன்னும் ஈரம் துளிர்த்திருந்தால், தண்ணீர் அடுக்குகளுக்குள் இருக்கிறது.