கதவை மூடிக் காயவைத்த பதினோரு நாள்

செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் எங்கள் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். பொங்கல், முன்னோருக்குப் படைப்பு, யாருக்காவது கல்யாணம் என்றால் திறப்போம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தினமும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். போன ஐப்பசியில் அவர் வீட்டில் ஒரு விசேஷம், இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோயம்புத்தூரில் இருந்த எனக்குப் போன் வந்தது. "தம்பி, வளவு பூரா தண்ணி. மழைத் தண்ணி இல்ல, மாடியிலேருந்து எறங்குது." முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் சேர்ந்த நடுப்பகுதியைத்தான் வளவு என்போம்.

மாடியில் ஒரு பங்காளி தன் வசதிக்காகப் போட்ட குளியலறை இருக்கிறது. அதன் பிவிசி குழாயில் ஒரு எல்போ, அதாவது வளைவு இணைப்பு, விட்டுப்போயிருந்தது. தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வைத்திருந்தோம். அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறது. இரண்டு நாளும் போர்வெல் தண்ணீரை எடுத்து எடுத்து வீட்டுக்குள் ஊற்றியிருக்கிறது.

மெயினை இறக்கச் சொல்லலாம் என்றால், மெயின் போர்டுக்குக் கீழேயே கணுக்கால் தண்ணீர். கிட்டப் போகாதீர்கள் என்று சொல்லி, லைன்மேனை வரவழைத்துக் கம்பத்திலேயே பீஸைப் பிடுங்க வைத்தோம். நான் போய்ச் சேரும்போது மதியம்.

வளவில் விழுந்த தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது. அது கட்டினவர்களின் புத்தி. ஜன்னல் இல்லாத உள்ளறையில்தான் சேதம். அப்பத்தாவின் மரப்பெட்டிகள், இலவம்பஞ்சு மெத்தைகள், ஐயாவின் பர்மாக் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. மேற்குச் சுவர் மேலிருந்து கீழ் வரை ஊறியிருந்தது.

தப்பு செய்தது அன்றைக்குத்தான். ஆள் வைத்துத் தண்ணீரைத் தள்ளினோம், துடைத்தோம், எல்லாக் கதவையும் திறந்துவிட்டோம். தரையின் ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருந்தது. சரி, முடிந்தது என்று படுத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளில் உள்ளறையில் முக்கல் வாடை அடித்தது, பெட்டிகளின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிட்டது. ஈரம் பட்ட இடத்தில் பூசணம் பிடிக்க ஒன்றிரண்டு நாளே போதும் என்பது அப்புறம் தெரிந்துகொண்டது. அறைக் கதவும் உப்பி, சாத்த முடியவில்லை.

தண்ணீர்ச் சேதத்தைக் காயவைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்களைச் சென்னையிலிருந்து கூப்பிட்டேன். இரண்டு பையன்கள் வேனில் வந்தார்கள். வந்ததும் கேட்டது, "இது குழாய்த் தண்ணியா, கழிவுத் தண்ணியா?" நல்ல தண்ணீர், கொஞ்சம் அழுக்கானது, சாக்கடைத் தண்ணீர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். எதைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடவேண்டும் என்பது அதைப் பொறுத்தது. எங்களுடையது நல்ல தண்ணீர்தான். ஆனால் நாலைந்து நாள் தேங்கிவிட்டதால் ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள். மூன்று மெத்தைகள் போயின. ஆத்தாவுக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அடுத்து ஈரம் அளக்கும் மீட்டர். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். முகப்புத் தூண் தேக்கில் 13, உள்ளறை நிலைக்காலின் அடியில் 28. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. சுவரிலும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த மீட்டரின் கணக்கு மரத்துக்குத்தானாம், சுண்ணாம்புச் சுவரில் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, காய்ந்த சுவரோடு ஒப்பிட மட்டும் பயன்படும் என்றார்கள். சுவர் முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டு எண் எழுதினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நான் துடைத்தது தரையை மட்டும் என்று புரிந்தது.

இயந்திரத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு சண்டை. எல்லாக் கதவையும் சாத்தச் சொன்னார்கள். ஆத்தா விடவில்லை. "ஈரத்தை உள்ள வச்சுக்கிட்டு யாராச்சும் கதவைச் சாத்துவாகளா?" எனக்கும் அதே சந்தேகம்தான். பையன் கையிலிருந்த கருவியைக் காட்டினான். வெளியே மழை, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். ஏற்கெனவே ஊறிப்போன காற்று சுவரிலிருந்து எதை உறிஞ்சும்? பங்குனி வெயிலாக இருந்தால் கதவைத் திறந்து போடலாம் ஆச்சி, ஐப்பசியில் முடியாது என்றான். ஆத்தா பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

ஆனால் செட்டிநாட்டு வீட்டில் எதை மூடுவது? நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. வளவுப் பத்தியின் தூண்களுக்கு இடையில் தடித்த பாலிதீன் ஷீட்டைக் கட்டி, உள்ளறையையும் அதன் முன்பகுதியையும் கூடாரம் மாதிரி தனியாகப் பிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் வயரில் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்த்து முகப்புப் பக்கத்து லைனுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தார். காற்றாடிகள் சுவரை ஒட்டி வீச, சுவரின் ஈரம் காற்றுக்கு வரும், காற்றின் ஈரத்தை டீஹியூமிடிபையர் பிடித்துத் தண்ணீராக்கும். முதல் நாள் இரண்டு இயந்திரமும் சேர்ந்து மூன்று குடம் தண்ணீர் எடுத்தன. வெறும் காற்றிலிருந்து வந்த தண்ணீரை அத்தனை பேரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாதாந்திரப் பராமரிப்பென்று ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகை அது தனி.

சீக்கிரம் முடிய ஹாலஜன் விளக்கு வைத்துச் சூடேற்றலாமா என்று கேட்டேன். தேக்கு வெடித்துவிடும் என்றார்கள். இதற்கிடையில் ஆசாரி இழைப்புளியோடு வந்து, உப்பின கதவை ஓரம் சீவிவிடலாம் என்றார். அதையும் தடுத்தார்கள். மரம் அகல வாக்கில்தான் உப்பும், காய்ந்தால் திரும்பச் சுருங்கும். இப்போது சீவினால் அப்புறம் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். அன்றைக்கு ஆசாரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மாசியில் அதே கதவு தாழ்ப்பாள் வரை சுத்தமாகச் சாத்தியது.

பதினோராம் நாள் நிலைக்காலில் 15 காட்டியது. இயந்திரங்களைக் கழற்றினார்கள். சுவர் மட்டும் முழுதாகக் காயவில்லை. அதை மறைக்காமல் சொன்னார்கள். அவ்வளவு தடிமனான செங்கல் சுவர் உள்ளே வரை காய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பெயிண்ட் பக்கமே போகாதீர்கள் என்றார்கள். இதில் எனக்கு அவர்களைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தவர் காரைக்குடியிலிருந்து வந்த வயதான கொத்தனார். சுவரைக் கை முட்டியால் தட்டிக்கொண்டே போனார். மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஓரளவு காய்ந்திருந்தது. கீழே மூன்றடி மட்டும் சொதசொதவென்று ஈரம். தொண்ணூறுகளில் அங்கே சிமென்ட் பூசி, மேலே எனாமல் அடித்திருந்தோம். "சுண்ணாம்பு மூச்சு விடும் தம்பி. நீங்க அது வாயைக் கட்டிட்டீக." மீட்டர் கட்டமும் அதையேதான் காட்டியது. சிமென்டைக் கொத்தி எடுத்தோம்.

கொத்தின இடத்தில் சில வாரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஆத்தங்குடிக் கல்லிலும் லேசாகப் பூத்தது. ஆசிட் ஊற்றச் சொன்ன உறவினருக்கு ஒரு கும்பிடு போட்டேன். சூளையில் சுடாத, கண்ணாடிமேல் வார்த்த சிமென்ட்டுக் கல் அது. ஆசிட் பட்டால் பூ வேலையே அரித்துப்போகும்.

செலவு ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. ஏழு புள்ளிக்கும், அதாவது ஏழு பங்காளிக் குடும்பத்துக்கும், பங்கு போட்டதில் நடந்த பேச்சுவார்த்தையை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். வீட்டுக்குக் காப்பீடு இல்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் தொட்டி, குழாய் உடைந்து வரும் சேதமும் அடங்கும் என்று அப்புறம்தான் படித்தேன்.

கணக்குப் புத்தகங்கள் நான்கு. வெயிலில் வைக்கப் போனவனைத் தடுத்து, பக்கங்களைப் பிரிக்காமல் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்கள். உறைந்துவிட்டால் பூசணம் வளராது, தாள் ஒட்டாது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் காயவைக்கலாம். காரைக்குடியில் மச்சான் கடையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் இருந்தது. ஒரு புத்தகத்தை எடுத்துக் காயவைத்துவிட்டேன். ஓரத்தில் மை கரைந்திருந்தாலும் ஐயாவின் வரவும் பற்றும் படிக்க முடிகிறது. மற்ற மூன்றும் இன்னும் குல்ஃபிக்குக் கீழேதான் இருக்கின்றன. நேற்றும் மச்சான் போன் செய்தார். சித்திரை சீசன் வருகிறதாம், இடம் வேண்டுமாம்.