ஃபேனியின் ஈஸ்டர் சொனாட்டா

ரெண்டு நாளாக ஒரே சொனாட்டாவைத்தான் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு) கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபேனி மெண்டல்சன் 1828ல், 22 வயதில், பியானோவுக்காக எழுதிய ஈஸ்டர் சொனாட்டா. கடைசிப் பகுதியில் இடது கை அதிர அதிர முழங்கிவிட்டு, அப்புறம் மெல்ல ஒரு பழைய தேவாலயப் பாட்டாக அடங்கும் இடம் இருக்கிறதே, அங்கே என் கை வேலையெல்லாம் நின்றுபோகிறது.

1970ல் பாரிஸில் கையெழுத்துப் பிரதி கிடைத்தபோது, அதில் 'எஃப். மெண்டல்சன்' என்று இருந்ததால் புகழ்பெற்ற இசையமைப்பாளரான அவர் தம்பி ஃபெலிக்ஸ் எழுதியது என்றே முடிவு கட்டி, தம்பி பெயரிலேயே இசைத்தட்டும் போட்டுவிட்டார்கள். 2010ல் ஏஞ்சலா மேஸ், அப்போது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, பியானோ கலைஞரும்கூட, பாரிஸுக்கே போய் அதைப் பார்த்தார். கையெழுத்து ஃபேனியுடையது. பக்க எண்களோ, ஃபேனியின் தொகுப்பு ஒன்றில் காணாமல்போன பக்கங்களோடு அப்படியே பொருந்தின! பக்க எண்ணைக்கூட விடாமல் பார்த்த அந்தப் பொறுமை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இசை உனக்கு அலங்காரமாக மட்டுமே இருக்கலாம் என்று 1820ல் அப்பா கடிதம் எழுதிய பெண் ஃபேனி. சொனாட்டா அவர் பெயரில் மேடையேறியது 2012ல். 2017 மகளிர் தினத்தன்று பிபிசி வானொலி அதை லண்டனிலிருந்து ஒலிபரப்பியது.